நான் திருத்திய டிஃபரன்ஸ் நோட்டு

என் வயதுக்காரர்களில், தமிழ் மீடியத்தில் படித்து இங்கிலீஷைக் கண்டு நடுங்கியவர்களிடம் இப்படி ஒரு நோட்டு இருந்திருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதை டிஃபரன்ஸ் நோட்டு என்போம். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை இடமும் வலமுமாக எழுதி, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எண்பது பக்க நோட்டு. பழுப்புத் தாள் அட்டை. மழைக்காலத்தில் அந்த அட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒரு வாடை அடிக்கும். பசை வாடையா, தாள் வாடையா என்று இன்றும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

என் மகள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். காலையில் 'ஃபைன்' என்று செய்தி அனுப்புகிறாள். சாயங்காலம் 'ஓகே' என்கிறாள். ஃபைனுக்கும் ஓகேவுக்கும் நடுவே பகலில் என்ன நடந்தது என்று நான் உடனே போன் போடுகிறேன். "அம்மா, ரெண்டும் ஒண்ணுதாம்மா. உயிர வாங்காத" என்கிறாள். என் கணவரும் அதையே சொல்கிறார். எனக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரிவதில்லை. இதை இவ்வளவு நாளாக என் குணம் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஒருத்தியைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அந்த நோட்டு எழுதிய வயதில் எங்கள் வீடு கடலூர் திருப்பாப்புலியூரில் இருந்தது. எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அதில் என் வயதுப் பெண் ஒருத்தி. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒன்பதாவது. அவளைப் பின்வீட்டுக்காரி என்றே சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். அவள் அப்பா அரிசி மண்டியில் எடை போடுகிறவர். அவளுக்குக் கீழே மூன்று தங்கைகள். சுவர் எங்கள் தோள் உயரம்தான். குழம்பு, பூ, மருதாணி, கணக்கு நோட்டு எல்லாம் அந்தச் சுவர்மேல் போய்வரும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நிற்கவேயில்லை. கெடிலத்தில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போனதைப் பார்க்கப் பாலத்தில் கூட்டம் நின்றது. வகுப்பில் நாற்பது வெள்ளைத் தாவணிகளும் ஈரம். ஜன்னல் கம்பியில் பிழிந்து போட்ட தாவணி நுனிகளுக்கு நடுவேதான் இங்கிலீஷ் சார் டிஃபரன்ஸ் நடத்தினார்.

சார் கெட்டிக்காரர். சிரிக்க வைத்தே மண்டையில் ஏற்றிவிடுவார்.

"ஒரு பொம்பளையப் பாத்து ஃபேட்னு சொல்லு, செருப்பு பறக்கும். ஹெல்தின்னு சொல்லு, காப்பி வரும். ஒடம்பு அதே ஒடம்புதான். அதான் டிஃபரன்ஸ்."

சே, டெல் நடத்திய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "சே-க்கு வாய் இருந்தா போதும். டெல்-லுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும். செவுத்துகிட்ட டெல் பண்ண முடியாது, புரியுதா?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "எங்கப்பா பண்ணுவாரு சார், சாயங்காலம் ஆச்சுன்னா."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு, "ஒங்கப்பாவுக்கு மட்டும் கிராமர்ல விதிவிலக்கு" என்றார்.

நாற்பது நோட்டைத் திருத்துவது அவருக்குப் பெரிய வேலை. காலையிலும் மாலையிலும் ட்யூஷன் வைத்திருந்தார். அதனால் நன்றாகப் படிக்கும் நான்கு பேரை எடுத்து, ஆளுக்குப் பத்து நோட்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார். மத்தியான சாப்பாட்டு வேளையில் நாங்கள் திருத்த வேண்டும். கடைசியில் அவர் கையெழுத்து போடுவார். கையில் ஒரு சிவப்பு பால் பென்னும் கொடுப்பார். அந்தப் பேனாவுக்காகவே நான் வீட்டில் சீக்கிரம் எழுந்து படித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. வகுப்பில் எனக்கு ரெட் பென்னு என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

சாரின் உத்தரவு ஒன்றுதான். "வேர்டு அது எடத்துல சரியா உக்காந்திருக்கா, அத மட்டும் பாருங்க. கதை படிக்கிற வேலை வேணாம். ஒரு நோட்டுக்கு ஒரு நிமிசம்."

படிக்கிற மாதிரி கதை ஒன்றும் அந்த நோட்டுகளில் இருக்காது. ராஜா கொடியவன். ரோஜா அழகானது. ராமு நல்ல பையன். லண்டன் ஒரு பெரிய நகரம். அலை சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த பிள்ளைகள் நாங்கள். ஒருத்தியும் கடலை எழுதியதில்லை. உதாரண வாக்கியத்தில் சொந்த விஷயத்தை எழுதலாம் என்பதே எங்களுக்குத் தோன்றாது. அதில் வரும் 'நான்' நானில்லை என்று யாரும் சொல்லித்தராமலே தெரிந்து வைத்திருந்தோம்.

பின்வீட்டுக்காரியின் நோட்டு எப்போதும் என் பங்கில் வரும். எப்படி வருகிறது என்று நான் யோசித்ததில்லை. அவள் வேண்டுமென்றே என் அடுக்கில் சொருகினாள் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

அவள் எழுதியதை இங்கே தமிழில் சொல்கிறேன்.

அலோன் என்பதற்கு: மத்தியானம் வீட்டில் நான் மட்டும் அலோன். லோன்லி என்பதற்கு: வீடு நிறைய ஆட்கள் வந்து என்னைப் பற்றிப் பேசும்போது நான் லோன்லி.

இரண்டுக்கும் டிக் போட்டேன்.

சே என்பதற்கு: தினமும் என் மனசுக்குள் சே பண்ணுகிறேன். டெல் என்பதற்கு: டெல் பண்ண எனக்கு ஒருவரும் இல்லை.

அந்த இரண்டாவது வாக்கியத்தில் முற்றுப்புள்ளி வைக்க மறந்திருந்தாள். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு அரை மார்க் குறைத்தேன். பத்துக்கு ஒன்பதரை.

கார்த்திகையில் ஸ்டாப், ஃபினிஷ் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் இரண்டையும் குழப்பிவிட்டார்கள். அவள் எழுதியிருந்தாள்: தை மாதம் நான் ஸ்கூலை ஸ்டாப் பண்ணுவேன். நான் ஸ்கூலை ஃபினிஷ் பண்ண மாட்டேன்.

எவ்வளவு சுத்தமாக வித்தியாசத்தைப் பிடித்திருக்கிறாள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. டிக்குக்குப் பக்கத்தில் 'குட்' என்று எழுதினேன். அப்படி எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. ஆசைப்பட்டு எழுதினேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் மற்றவர்கள் மார்க்கைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அவள் சிவப்பு மையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

"என்னாடி மொறைக்கிற? அர மார்க்குக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல. படிச்சியா?"

"படிக்காமயா மார்க்கு போட்டேன்?"

"படிச்சுட்டுத்தான் போட்டியா" என்றாள். கேள்வியாகக்கூட இல்லை. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? அரைகுறையாகத் தெரியும். கொல்லைச் சுவர் வழியாக என் அம்மாவுக்கு எல்லாம் வரும். "கீரப்பாளையத்துல இருந்து கேக்குறாங்களாம், உரக்கடை வச்சிருக்காங்களாம், தையிலயே முடிச்சுடணுமாம்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. வகுப்பில் அவளைக் கல்யாணப் பொண்ணே என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்திருக்கிறோம். அது ஒரு பக்கம் இருந்தது. இந்த நோட்டு இன்னொரு பக்கம் இருந்தது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது நான்தான்.

கார்த்திகைக் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வந்தார். சார் நாற்பது நோட்டையும் புரட்டிவிட்டு, கையெழுத்து அழகாகவும் அடித்தல் திருத்தல் இல்லாமலும் இருந்த அவள் நோட்டை எடுத்து ஆய்வாளர் மேஜைமேல் வைத்தார். அவர் நாலு பக்கம் தள்ளிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் 'மாதிரி நோட்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆக அந்த நோட்டில் அவளுடையது போக மூன்று பேர் மை இருந்தது: என் சிவப்பு, சாரின் நீலம், அவருடைய பச்சை.

அந்தப் பச்சை மைதான் வினையாயிற்று. அவள் அப்பாவுக்கு ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர் பெரிய ஆபீசர் என்று தெரியும். நோட்டை வாங்கிப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அவளுக்கு வேறு நோட்டு வாங்கிக் கொடுத்தார்.

மார்கழி என்றும் பார்க்காமல் பெண் பார்க்க வந்தார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சுவருக்கு அப்பாலிருந்து அவள் அம்மா என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, மூஞ்சி கழுவிகிட்டு கொஞ்சம் வந்துட்டுப் போயேன். அவுங்க வந்திருக்காங்க."

கூடத்தில் பாய் விரித்து ஆறேழு பேர். கனகாம்பரம், கேசரி, சூடான வாழைக்காய் பஜ்ஜி. மாப்பிள்ளை, அவருடைய பெரியப்பா, அக்கா, வேறு யாரோ. மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு இருக்கும். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். கேசரித் தட்டைத் தொடாமல் வைத்திருந்தார். பின்வீட்டுக்காரி அவள் அம்மாவின் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றாள். ரவிக்கை தொளதொளவென்று இருந்ததால் முதுகில் ஊக்கு குத்தியிருந்தார்கள்.

பெரியப்பாதான் பேசினார். "நெலம் இருக்கு, கடை இருக்கு, ஒரு கொறையும் இல்ல. ஆனா கடைக்கு வர்ற லெட்டரு பூரா இங்கிலீசு. மருந்து டப்பாவுலயும் இங்கிலீசு. இவன் பத்தாவது ஃபெயிலு. பயிர் வக்கிற சம்சாரி வந்து இதுல என்னாப்பா எழுதியிருக்குன்னு கேட்டா இவன் சம்சாரி மூஞ்சியப் பாக்குறான். அதான், படிச்ச புள்ளயா இருந்தா தேவலன்னு."

"படிப்புல கொற சொல்ல முடியாதுங்க" என்று அவள் அப்பா எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார். "ஆபீசரே பச்ச மையில எழுதிக் குடுத்திருக்காரு, பாருங்க."

நோட்டு கைமாறிக் கைமாறிச் சுற்றியது. பச்சைக் கையெழுத்தை எல்லாரும் பார்த்தார்கள். பெரியப்பா, "படிச்சுக் காட்டச் சொல்லுங்க, கேப்போம்" என்றார். நோட்டை அவளிடம் நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

"அதுக்குக் கூச்சம்" என்றார் அவள் அம்மா. "பாப்பா, நீ படி. நீதான் அவ கூடப் படிக்கிறவ."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். எங்கே படிப்பது என்று நான் புரட்ட, மாப்பிள்ளையின் அக்கா எட்டிப் பார்த்து, "இந்தப் பக்கத்துல செவப்பு ஜாஸ்தியா இருக்குது, நல்ல மார்க்கு போல, இத படி" என்று விரல் வைத்தார்.

இடது பக்கத்தில் ஸ்டாப், ஃபினிஷ். வலது பக்கத்தில் சார் அதற்கு அடுத்த வாரம் நடத்திய மூன்று வார்த்தைகள்: ரிலக்டன்ட், அன்வில்லிங், ரெஃப்யூஸ். சார் சொல்லியிருந்தார்: "ரிலக்டன்ட்னா மனசு பின்னால இழுக்குது, ஆனா கடைசியில செஞ்சுடுவான். அன்வில்லிங்னா மனசே இல்ல. ரெஃப்யூஸ்னா வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்றது. மூணும் மூணு."

நான் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, சார் சொல்லிக் கொடுத்த உச்சரிப்பில் படித்தேன். தை மாதம் ஸ்கூலை ஸ்டாப் பண்ணுவேன். ஃபினிஷ் பண்ண மாட்டேன். பிறகு வலது பக்கம். என் அம்மா ரிலக்டன்ட். நான் அன்வில்லிங். ரெஃப்யூஸ் பண்ண எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

திருத்தும்போது ஒரு நிமிஷத்தில் கடந்துபோன வரிகள். அந்தக் கூடத்தில் என் குரலில் கேட்டபோதுதான் அவை யாருடையவை என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் நேராக என் டிக் இருந்தது.

எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். "மணி மணியா இருக்குது" என்றார் பெரியப்பா. "கடைசியில என்னமோ சொன்னியே, அதுக்கு என்னா பாப்பா அர்த்தம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் அப்பா முகத்தில் சிரிப்பு இருந்தது. அவள் அம்மா பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்வீட்டுக்காரி அந்த மத்தியானத்தில் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"வந்து... பொண்ணு... கூச்சப்படுதுன்னு" என்றேன்.

"அடி சக்க! கூச்சப்படுறதக்கூட இங்கிலீசுல எழுதியிருக்குதுப்பா!" என்று பெரியப்பா தொடையைத் தட்டினார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் கொஞ்சம் குனிந்து, மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, ஸ்கூலுன்னு வந்துது. ஸ்டாப்புன்னு வந்துது. அது என்னா?"

"ஸ்கூலுக்குப் பக்கத்துல பஸ் ஸ்டாப் இருக்குதுன்னு."

"நெசமா அவ்ளோதானா?"

அவர் கண்ணைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று தெரிந்தது. கேசரித் தட்டைப் பார்த்தேன்.

"அவ்ளோதாங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை எடுத்துக்கொண்டார். பின்வீட்டுக்காரி வந்து என் கையிலிருந்து நோட்டை வாங்கி மூடி, உள்ளே கொண்டுபோனாள். அதற்குப் பிறகு அந்த நோட்டை நான் பார்க்கவில்லை. அவர்கள் நெல்லிக்குப்பத்துக்குக் குடிபோனபோது அவள் அம்மாவிடம் கேட்டேன். "எந்த நோட்டு?" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பெரியவர்களுக்குப் பயந்தேன் என்று நீண்டகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். உண்மையைச் சொன்னால், இதை நீ எப்போது படித்தாய் என்று யாராவது கேட்டிருப்பார்கள். சிவப்பு மை என்னுடையது. அவமானத்துக்குத்தான் அதிகம் பயந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

"நீ சொன்னதுதான் சரி. அடுத்த வூட்டுக் கல்யாணத்தக் கலைச்ச பேரு நமக்கு எதுக்கு? பெத்தவளே வாய மூடிகிட்டு இருக்கா."

"அவுங்க அம்மாவும் ரிலக்டன்ட்தாம்மா."

"அப்புடின்னா?"

சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் கையை அரிசியிலேயே வைத்திருந்தார். "எல்லாரும் அப்புடித்தான்டி கட்டிகிட்டு வந்தோம்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. என் அம்மா கெட்டவர் இல்லை. என்னைக் கல்லூரிவரை படிக்க வைக்க அப்பாவோடு சண்டை போட்டவர் அவர்தான்.

தையில் சிதம்பரத்தில் மேல வீதிப் பக்கம் ஒரு சத்திரத்தில் கல்யாணம். சார் வகுப்பின் சார்பில் ஒரு டிபன் கேரியர் வாங்கி வந்திருந்தார். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து, பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டே, "நம்ம மாதிரி நோட்டு போயிடுச்சேம்மா" என்றார். உண்மையாகவே வருத்தமாகத்தான் சொன்னார். அந்த நோட்டில் இருந்ததை அவர் ஒருநாளும் படித்ததில்லை என்று அந்தப் பந்தியில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மணையில் அவள் புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துப் பார்த்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் நான் கையசைத்தேன்.

பிறகு நான் பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி. ஒரு அலுவலகத்தில் வரும் கடிதங்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதும் வேலை. 'சாரி' போடுவதா 'ரிக்ரெட்' போடுவதா என்று என் மேலதிகாரிகள் என்னைக் கேட்பார்கள். மாதம் இரண்டு முறையாவது சிதம்பரம் வழியாகப் போயிருப்பேன். கீரப்பாளையம் அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். முப்பத்தைந்து வருஷத்தில் ஒருநாளும் போகவில்லை. அவள் பிழைத்திருக்கிறாளா, எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு பஸ் ஏறினால் போதும். தெரிந்துவிடுமே என்றுதான் போகவில்லை.

என் மகளுக்குப் பதினான்கு வயது நடந்த வருஷம் எனக்குத் தூக்கம் கெட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் எழுதிய கட்டுரை, கேள்வி பதில், வரைபடத்துக்குக் கீழே எழுதிய குறிப்பு, ஒன்றுவிடாமல் எடுத்துப் படித்தேன். "என்னம்மா தேடுற?" என்றாள். அடுத்த நோட்டை எடுத்தேன்.

போன மாதம் அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏய், ரெட் பென்னு!"

திரும்பினேன். நரைத்த தலை, கண்ணாடி, தோளில் ஒரு ரெக்சின் பை. அவள்தான்.

"என்னாடி இப்புடி எளச்சுப் போயிட்ட? புருசன் சோறு போடலியா?" என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்துப்போய் சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்து, டீக்கும் சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கதை பாதி முடிந்துவிட்டது. மகன் சென்னையில். மகள் கோயம்புத்தூரில், "அவள இருவத்தாறுலதான் குடுத்தேன், அதுவும் அவளே பாத்து சரின்னு சொன்னப்பறம்." கடையை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். கம்பெனிக் கடிதமெல்லாம் இவள்தான் படிக்கிறாள்.

"பூச்சி மருந்து டப்பாவுல செவப்புக் கட்டம் போட்டு பாய்சன்னு இருக்கும். நீலத்துல டேஞ்சர்னு இருக்கும். பச்சையில காஷன்னு இருக்கும். சம்சாரிங்களுக்கு எல்லாமே வெசந்தான். நான் ஒவ்வொருத்தருக்கும் ஒக்கார வச்சு டிஃபரன்ஸ் சொல்லுவேன். நம்ம சாரு கேட்டிருந்தா பத்துக்குப் பத்து குடுத்திருப்பாரு. நீ அர மார்க்கு கொறச்சிருப்ப."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அன்னைக்கு நான் படிச்சேன்ல..." என்று ஆரம்பித்தேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அந்த நோட்டே ஒனக்குத்தான்டி எழுதுனேன்."

"எனக்கா?"

"பின்ன? சாரு கையெழுத்து போடறதோட சரி. வரி வரியா படிக்கிறவ நீ ஒருத்திதான். ஒங்கப்பா ஆபீசு போறவரு, அவர் பேச்சுன்னா எங்கப்பா கேப்பாரு. நீ படிச்சுட்டு வூட்டுல சொல்லுவ, ஒங்கப்பா வந்து எங்கப்பாகிட்ட பேசுவாருன்னு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் என் நோட்ட ஒன் அடுக்குல சொருகுவேன். நீ டிக்கு போட்டுப் போட்டுக் குடுத்த. ஒரு தடவ குட்டுன்னு வேற எழுதியிருந்த."

"வாயத் தொறந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி. செவுத்துக்கு அந்தப் பக்கம்தான இருந்த?"

"எங்கப்பாவுக்கு நான் சொன்னா திமிரு. நீ படிச்சுச் சொன்னா அது இங்கிலீசு" என்றாள்.

எங்கள் முன்னால் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அப்ப நான் அர்த்தத்த சரியா சொல்லியிருந்தா நின்னிருக்குமா?"

"எங்கப்பா நிறுத்தியிருக்க மாட்டாரு" என்றாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். "கல்யாணமாகி மூணாவது வருசம் இவரே கேட்டாரு, அந்த நோட்டுல நெசமா என்னாதான் எழுதியிருந்துதுன்னு. சொன்னேன். சாப்ட்டுகிட்டு இருந்தவரு பாதியில கைய கழுவிட்டு எழுந்துட்டாரு. 'ரெண்டு தடவ கேட்டேனே, அந்தப் பொண்ணு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே எழுந்து வந்திருப்பேனே'ன்னாரு. அன்னையில இருந்து மூணு நாளு எங்கூடப் பேசல. எம்மேல கோவம் இல்ல. அவருக்கே அவரப் புடிக்கல போல."

இவ்வளவு வருஷமாக நான் அவளுக்காக மட்டுமே வருந்தியிருக்கிறேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. என் மனத்தில் அவர் எப்போதும் அவளைக் கொண்டுபோனவர். அந்தக் கூடத்தில் அவளுடைய விருப்பத்தைத் தெரிந்துகொள்ள முயன்ற ஒரே ஆள் அவர்தான் என்பதும், அவரிடம்தான் நான் பொய் சொன்னேன் என்பதும், அன்று தனக்குச் சொல்லப்படாமல் போனதோடு அவர் இத்தனை வருஷமும் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்பதும் அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது.

"நல்ல மனுசன்டி" என்றாள். "அப்பறம் ப்ரைவேட்டா பத்தாவது எழுத வச்சாரு. பன்னண்டாவதும் எழுதுனேன். கல்யாணத்தப் பத்திப் பேச்சு வந்தா மட்டும் எழுந்து கடைக்குப் போயிடுவாரு."

கீரப்பாளையம் வழி போகும் டவுன் பஸ் வந்து நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வாயேன். அரமணி நேரம்தான். ஒன்னப் பாத்தா சந்தோசப்படுவாரு."

"எதுக்கு, என்னப் பாத்து..."

"ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொல்லுவாரு, வருசத்துக்கு ஒரு தடவயாச்சும். அந்தப் பொண்ணு ஏன் அப்புடிச் சொல்லிச்சு, நான் அவ்ளோ பயங்காட்டுற மாதிரியா இருந்தேன்னு. அத மட்டுந்தான் கேப்பாரு. திட்ட மாட்டாரு, வா."

இல்லை, அவருக்கல்ல, என் சிவப்பு மைக்குத்தான் பயந்தேன்; சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அரை நிமிஷம் ஆகும்.

"பொண்ணு போன் பண்ணுவா... வூட்டுல வேலை கெடக்குது... இன்னொரு நாளு கண்டிப்பா வரேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "சரிடி" என்றாள். ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது. டிரைவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். டிரைவர் ஏறினார், பஸ் உறுமியது, மெல்ல நகர்ந்தது.

அவள் பக்கத்தில் இடம் இருந்தது.